அப்புச்சி நம்பிய நோட்டீஸ்

இன்னும் பிறக்காத என் மகனுக்கு,

உன் நலம் விசாரிக்க எனக்கு இப்போது வழியில்லை. என் நலமோ எழுதும்படி இல்லை. நீ இதைப் படிக்கும்போது மீசை வைத்த ஆளாக இருப்பாய். நான் உன்னைக் காலையில் எழுப்பி விடுகிறவளாகவும், எதற்கெடுத்தாலும் புத்தி சொல்கிறவளாகவும், உனக்குக் கொஞ்சம் சலித்துப் போனவளாகவும் இருப்பேன். ஆனால் இதை எழுதும்போது எனக்குப் பதினேழு வயது. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். சமையல்கட்டில் கேஸ் சிலிண்டருக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்து, செல்போன் வெளிச்சம் கதவிடுக்கில் தெரியாதபடி பாவாடையால் மறைத்துக்கொண்டு எழுதுகிறேன். என் அப்பாவும் அம்மாவும் ஹாலில் தூங்குகிறார்கள். அப்பா புரண்டு படுக்கும் சத்தம் கேட்டால் பேனாவை மூடிவிட்டுத் தண்ணீர் குடிக்க வந்தவள்போல் எழுந்து நிற்கிறேன். இதுவரை மூன்று முறை தண்ணீர் குடித்துவிட்டேன்.

போன வாரம் தமிழ் வகுப்பில், பெற்றோர் ஒருவர் வளர்ந்த பிள்ளைக்கு எழுதுவதுபோல் கடிதம் எழுதிவரச் சொன்னார்கள். நான் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். நேர்மையாக இரு, சொன்ன சொல் காப்பாற்று, பெரியவர்களை மதி என்றெல்லாம் எழுதியிருந்தேன். தமிழ் டீச்சர் அதை வகுப்பில் வாசித்துக் காட்டிவிட்டு, "எப்பிடிப் புள்ள, பெத்து வளத்தவ மாதிரியே எழுதியிருக்கறே?" என்றார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். சொன்ன சொல் காப்பாற்று என்று எழுதிய அதே கை வேறு என்ன எழுதியிருக்கிறது என்று அந்த வகுப்பில் யாருக்கும் தெரியாது. அதனால்தான் உனக்கு இன்னொரு கடிதம். இதற்கு மதிப்பெண் கிடையாது.

என் அப்பா உனக்கு அப்புச்சி. நீ அவரை வயதானவராகத்தான் பார்த்திருப்பாய். அவர் பதினெட்டு வருடம் ராணுவத்தில் இருந்து நாயக் பதவியில் ஓய்வு பெற்றவர். இப்போது அவிநாசி ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் செக்யூரிட்டி. காலை எட்டு மணிக்கு கேட்டில் நின்றால் இரவு எட்டு மணிக்குத்தான் கிளம்புவார். லாரிக்காரர்கள் "ஏனுங் மிலிட்டரி, குண்டு கிண்டு இல்லீங், நூல் மூட்டைதானுங்" என்று கேலி செய்வார்கள். அவர் சிரிக்காமல் ஒவ்வொரு மூட்டையையும் எண்ணிவிட்டுத்தான் உள்ளே விடுவார். கம்பெனியில் வேலை செய்யும் வடக்கத்திப் பையன்களுக்கு அவருடைய இந்தி பெரிய துணை. பாங்கு ஃபாரமோ, ஊருக்கு டிக்கெட்டோ எதுவானாலும் "சாப், சாப்" என்று அவரிடம்தான் வருவார்கள். ஒருவர் வாயால் ஒன்றைச் சொன்னால் அது நடக்கும் என்று நம்புகிறவர் அப்பா. அவர் வேலை பார்த்த இடத்தில் அப்படித்தான் இருந்திருக்கிறது. இன்ன நேரத்துக்கு இன்ன மேட்டுக்குச் சாப்பாடு வரும் என்று சொன்னால், பனி கொட்டினாலும் வந்து சேருமாம்.

ஒரு வருடமாக அவருக்கு இடது கண் சரியில்லை. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பை நசுக்குகிற நோய். வலிக்காது. ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டே வரும். முதலில் இடதுபக்கம் இருந்த டீ கிளாசைத் தட்டிவிட்டார். பிறகு கேட்டின் இரும்புத் தூணில் தோளை இடித்துக்கொண்டார். "தூணு நவுந்துருச்சு கண்ணு" என்று என்னிடம் சிரித்தார். கோயம்புத்தூரில் ராணுவத்தாருக்கான ஆஸ்பத்திரியில் காட்டினோம். அவர்கள் கொடுத்த கடிதம் இங்கிலீஷில் இருந்தது. பொடி எழுத்து அவருக்குத் தெரியாததால் வீட்டில் எல்லாக் காகிதத்தையும் நான்தான் படிப்பேன். அறுவை சிகிச்சை செய்தால் இருக்கிற பார்வை நிற்கும், தள்ளிப்போட்டால் போனது திரும்ப வராது என்று அதில் இருந்தது. தமிழில் சொன்னேன். "சரி" என்றார். அறுவைக்குத் தேதியும் கொடுத்தார்கள்.

அதற்குமுன் ஒருமுறை அவரோடு நானும் அந்த ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். காலை ஏழு மணியிலிருந்து வரிசையில் நின்றோம். அத்தனை பேருக்கு ஒரே ஒரு பெஞ்சு. ஒரு கால் இல்லாத பெரியவர் ஒருவருக்கு அப்பா தன் இடத்தைக் கொடுத்துவிட்டு வரிசையின் கடைசிக்குப் போய் நின்றார். ஒன்றரை மணிக்கு டாக்டரைப் பார்த்தோம். மருந்து வாங்கும் ஜன்னலில் "சொட்டு மருந்து ஸ்டாக் இல்லீங்க, அடுத்த வாரம் வாங்க" என்றார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் அவர் என்னைப் பார்க்காமல், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு பேசினார். "ஒக்கார ஆளுக்கொரு சேர் போட்டா என்ன போச்சு? காலைல போனவன் மத்தியானச் சோத்துக்கு ஊடு வந்து சேர முடியாதா? மருந்து இல்லீங்கற ஒரு சொல்ல நேத்தே சொல்லிப்போட்டா ஒரு நாள் சம்பளம் மிச்சமாகும்ல. இதெல்லாம் நம்மூர்லயே இருந்தா எவ்வளவு நல்லாருக்கும்." வீட்டில் குறையே சொல்லாத மனிதர் அன்று இந்த நாலு வார்த்தை சொன்னார். எனக்கு அது அப்படியே மனதில் ஒட்டிக்கொண்டது.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். உன் அம்மாயி, அதாவது என் அம்மா, தங்கவேல் மாமாவின் பட்டறையில் வேலை செய்கிறார். பனியனில் படமும் எழுத்தும் அச்சடிக்கும் பட்டறை அது. தேர்தல் வந்தால் திருப்பூரில் எல்லாக் கட்சிக்கும் பனியன், தொப்பி, துண்டு அடிப்பார்கள். ஒரு மேஜையில் ஒரு கட்சி காயும், அடுத்த மேஜையில் எதிர்க்கட்சி காயும். மாமா நோட்டீஸ் வேலையையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வார். ஒருநாள் பள்ளி விட்டு அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். மாமா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வேட்பாளரின் ஆட்கள், முன்னாள் ராணுவத்தாருக்கென்று தனியாக ஒரு நோட்டீஸ் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். என்ன எழுதுவது என்று அவர்கள் சொல்லவில்லை. "நீ பேச்சுப் போட்டில கப்பு வாங்குன புள்ளதான. உங்கப்பனும் மிலிட்டரி. நாலு வரி எழுதிக் குடு சாமி. படிச்சா கண்ணுல தண்ணி வரோணும்" என்றார்.

நான் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து, சாயக்கறை படிந்த ஒரு ஸ்டூலில் வைத்து எழுதினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எல்லையில் நின்ற கால்கள் இனி வரிசையில் நிற்காது. திருப்பூரிலேயே உங்களுக்கென ஒரு மருத்துவமனை. காத்திருக்க ஆளுக்கொரு நாற்காலி. காலையில் வந்தவர் மதியச் சோற்றுக்கு வீடு திரும்புவார். மருந்து இல்லை என்ற சொல் அங்கே இருக்காது. எழுதி முடித்ததும் எனக்கே புல்லரித்தது. மாமா படித்துவிட்டு, "அடேயப்பா, இது கட்சிக்காரனுக்கே தோணாதே!" என்றார். நான் ஒரு பைசா வாங்கவில்லை. வாங்கியிருந்தால்கூட வீட்டுக் கஷ்டத்துக்குச் செய்தேன் என்று உன்னிடம் சொல்லிக்கொள்ளலாம். என் வரி அச்சில் வரப்போகிறது என்ற பெருமைக்காகவே எழுதினேன். கட்சி ஆள் வந்து பார்த்தபோது நானும் அங்கேதான் இருந்தேன். அவர் ஒரு வரியும் படிக்கவில்லை. "அண்ணன் போட்டோவ இன்னும் பெருசா போடுங்க, எழுத்து கொஞ்சம் சிறுசானாப் பரவால்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அப்போதே ஏதாவது உறைத்திருக்க வேண்டும். போட்டோவால் என் எழுத்து சிறியதாகிவிடுமே என்றுதான் வருத்தப்பட்டேன்.

அந்த வாரமே எங்கள் பகுதியில் அந்த வேட்பாளரின் கூட்டம் நடந்தது. முன்னாள் ராணுவத்தாரெல்லாம் மெடல் குத்திக்கொண்டு வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அப்பா முந்தைய நாளே சட்டையை இரண்டு முறை தேய்த்து வைத்தார். நான் போகவில்லை, பரீட்சை இருந்தது. இரவு அவர் வந்தபோது அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. செருப்பைக் கழற்றும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டார். "நம்ம படற பாட்டைக் கூடவே இருந்து பாத்தவரு மாதிரிப் பேசறாரு கண்ணு. சேரு போடறேங்கறாரு! இத்தன வருசத்துல எவனாச்சும் சேரப் பத்திப் பேசியிருக்கறானா? மத்தியானச் சோத்துக்கு ஊட்டுக்குப் போலாங்கறாரு. அந்த வரிசைல நின்னவனுக்குத்தான் இது தெரியும்." பையிலிருந்து நோட்டீஸை எடுத்து என்னிடம் நீட்டினார். "எனக்குப் பொடி எழுத்துத் தெரியல. நீ படி."

நான் படித்தேன். என் வரிகளை, அவருடைய வார்த்தைகளை, அவருக்கே படித்துக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடித்ததும் "இன்னொருக்கா படி சாமி" என்றார். இன்னொரு முறையும் படித்தேன். குரல் நடுங்கியது. வேட்பாளரின் பேச்சில் நானும் உருகிவிட்டேன் என்று நினைத்து அவர் என் தலையைத் தடவிக் கொடுத்தார். மகனே, அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. அத்தனை சந்தோஷமாக இருந்தார்.

அறுவைக்கான தேதி அடுத்த செவ்வாய்க்கிழமை. அவர் போகவில்லை. "அதெதுக்கு இப்ப? எலெக்சன் முடியட்டும். நம்மூர்லயே பாத்துக்கலாம்" என்றார். அம்மா சண்டை பிடித்தார். "ஏனுங்க, இடம் பாக்கோணும், கட்டோணும், டாக்டரு வரோணும். அதுவரைக்கும் கண்ணு காத்துக்கிட்டு இருக்குமாக்கும்? உங்களுக்குக் கத்தியக் கண்டா பயம், அதைச் சொல்லுங்க." அவருக்குப் பயம் இருந்தது உண்மைதான் என்று நினைக்கிறேன். பயந்த மனிதருக்குத் தள்ளிப்போட ஒரு நல்ல காரணம் வேண்டியிருந்தது. அதை அழகான தமிழில் எழுதிக் கொடுத்தது நான்.

மூன்று வாரம் கழித்து எதிர்க்கட்சி வேட்பாளரின் நோட்டீஸ் வீட்டு வாசலில் கிடந்தது. வேறு கலர், வேறு போட்டோ. உள்ளே என் வரிகள், ஒரு எழுத்து மாறாமல். நான் பட்டறைக்கு ஓடினேன். தங்கவேல் மாமா சிரித்தார். "நல்ல டிசைனு ஒண்ணு கெடச்சா ஒரே ஆளுக்கா அடிப்பாங்க? கலர மாத்திப் போட்டாச்சு புள்ள." நான் அழுவதைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "இதப் பத்தி வெளிய மூச்சு விட்டறாத. ரெண்டு கட்சிக்காரனும் எம்பட்டறைக்குள்ள பூந்துருவான். அப்பறம் எனக்கும் பொழப்பில்ல, உங்கம்மாளுக்கும் பொழப்பில்ல." அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. வீட்டுக்கு வந்தால், அப்பா இரண்டு நோட்டீஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என்னைப் படிக்கச் சொன்னார். படித்ததும் தொடையில் தட்டினார். "பாத்தியா! ரெண்டு பேரும் ஒரே சொல்லுச் சொல்றாங்க. அப்ப எவன் செயிச்சாலும் நமக்கு ஆஸ்பத்திரி வந்துரும்."

அதற்குப் பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மெடலைக் குத்திக்கொண்டு, தெரிந்த ராணுவத்தார் வீடுகளுக்கெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை செய்யும் செல்லத்தாய் அக்காவுக்கும் சொன்னார். அவர்கள் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவர்கள் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருந்து இறந்துபோனவர். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கெஞ்சி இன்னொரு தேதி வாங்கியிருக்கிறார். வருகிற வியாழக்கிழமை. இதையும் விட்டால் அடுத்து எப்போது கிடைக்கும் என்று தெரியாதாம். அப்பா போக மாட்டேன் என்கிறார். இன்று திங்கள். நாளைக்கு நான் சொல்லியாக வேண்டும். அம்மாவுக்கு வேலை போகுமோ என்று பயமாக இருக்கிறது. கட்சிக்காரர்கள் வருவார்களோ என்று பயமாக இருக்கிறது. அதையெல்லாம்விட, நான் சொன்னதும் அவர் முகம் எப்படி மாறும் என்று பயமாக இருக்கிறது. அவர் புரண்டு படுக்கிறார். நிறுத்துகிறேன்.

இன்று சனிக்கிழமை. மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் கம்பெனி கேட்டுக்குப் போனேன். அப்பா நாற்காலியில் உட்காராமல் வழக்கம்போல் நின்றுகொண்டிருந்தார். "அப்பா, அந்த நோட்டீஸ நாந்தானுங்க எழுதுனேன்" என்றேன். எப்படிச் சொல்வது என்று நாலு நாள் யோசித்து வைத்திருந்தது எதுவும் வரவில்லை. அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"எழுதுனா எழுதிட்டுப் போ. அதனால என்ன?"

"அவங்க சொல்லலீங்கப்பா. நானா எழுதுனதுங்க."

"மேடைல நின்னு சொன்னது யாரு? அவருதான. ராணுவத்துல ஆர்டர டைப் அடிக்கறவன் கிளார்க்கு. அதுக்காக அது கிளார்க்கு போட்ட ஆர்டரா? கையெழுத்துப் போடறாரே, அவரு ஆர்டரு. நீ டைப் அடிச்சிருக்கறே, அவ்வளவுதான்."

நான் என் பொய்யை ஒப்புக்கொண்டால் அவர் நம்பிக்கை உடையும் என்றுதான் இத்தனை நாள் பயந்தேன். உடையவே உடையாது என்று நினைத்துப் பார்க்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. வியாழக்கிழமைக்கு இரண்டே நாள். நான் பையிலிருந்து கணக்கு நோட்டுத் தாளை எடுத்தேன். தங்கவேல் மாமா அதைக் குப்பையில் போட்டிருந்தார், நான் ஆசையாக எடுத்து வைத்திருந்தேன். அதையும் இரண்டு நோட்டீஸையும் அவர் கையில் கொடுத்தேன். "ரெண்டும் ஒரே பட்டறைங்கப்பா. அவங்க ரெண்டு பேரும் தனித்தனியா யோசிச்சுச் சொல்லலீங்க. கலர மட்டும் மாத்தியிருக்கறாங்க. கட்சி ஆளு படிச்சுக்கூடப் பாக்கலீங்க, மேடைல அவரு அச்சுல வந்தத அப்பிடியே சொல்லியிருக்கறாரு. போட்டோவப் பெருசாப் போடச் சொன்னாங்க, அவ்வளவுதானுங்க." அவர் முகத்தில் இன்னும் சிரிப்பு மிச்சம் இருந்தது. "அந்தச் சேரு நீங்க பஸ்ஸுல சொன்னதுங்கப்பா. மத்தியானச் சோறும் நீங்க சொன்னதுங்க. கோயம்புத்தூர்ல மருந்து இல்லைன்னு திருப்பி அனுப்புன அன்னைக்கு. நான் அதைத்தான் எழுதிப் போட்டேன்."

அவர் தாளை வலது கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பிடித்தார். ஒரு லாரி வந்து ஹாரன் அடித்தது. கேட்டைத் திறக்கப் போனவர் இடது தோளைத் தூணில் நன்றாக இடித்துக்கொண்டார். உள்ளே இருந்து ஒரு வடக்கத்திப் பையன் "சாப், ஆராம் ஸே, மெதுவா" என்று ஓடி வந்தான். லாரிக்காரர், "என்னுங் மிலிட்டரி, இன்னைக்கு மூட்டைய எண்ணலீங்களா?" என்றார். அப்பா எண்ணவில்லை. திரும்பி வந்து முதல்முறையாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தங்கவேலு எவ்வளவு குடுத்தான்?"

"ஒண்ணும் வாங்கலீங்கப்பா."

"அப்பறம் எதுக்குக் கண்ணு எழுதுன?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "எழுத எழுத நல்லா வந்துச்சுங்கப்பா" என்றேன். அவர் அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மடியில் இருந்த நோட்டீஸ்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஓரம் சரியாகப் பொருந்தும்படி மடித்து, சட்டைப் பையில் வைத்தார். "எட்டு மணிக்கு டூட்டி முடியும். கூட வா. நாலு ஊட்டுக்குப் போகோணும்" என்றார்.

நாலு வீட்டுக்கும் போனோம். செல்லத்தாய் அக்கா வீட்டில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன், மற்றவற்றை எழுதக் கை வரவில்லை. மெடல் இல்லாமல், கம்பெனிச் சட்டையிலேயே அப்பா வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னதற்கும் வரவில்லை. "நான் போன வாரம் வந்து சொன்னது தப்புங்க. அந்த நோட்டீஸுல இருக்கறது நான் பேசுன பேச்சு. எம்புள்ள அதை எழுதிப்போட்டா. ஆஸ்பத்திரி கீஸ்பத்திரி ஒண்ணும் யாரும் யோசிக்கலீங்க. நீங்க அதை நம்பி எதையும் தள்ளிப்போட்டறாதீங்க. தப்பு என்னுதுதான், புள்ளதுல்ல." செல்லத்தாய் அக்கா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார்கள்.

"அண்ணாச்சி, நான் எப்ப நம்புனேன்? எங்க அவுக போயி ஒம்பது வருசம் ஆச்சு. ஒவ்வொரு எலெக்சனுக்கும் ஒருத்தன் வந்து என்னயும் அவுக போட்டோவயும் சேத்து நிக்க வச்சு மாலை போட்டுட்டுப் போறான். நீங்க மெடலக் குத்திக்கிட்டு அவ்வளவு ஆசையா வந்து சொன்னியளேன்னு தலையாட்டுனேன். போன மாசம்கூட நான் கோயம்புத்தூரு போயி மருந்து வாங்கிட்டுத்தான் வந்தேன்." பிறகு என் கன்னத்தைக் கிள்ளினார்கள். "ஆனா அந்த நாக்காலிய எழுதுனே பாரு, அது நல்லா இருந்துச்சு ஏட்டி. அத மட்டும் ரெண்டு தடவ படிச்சேன்."

மற்ற வீடுகளிலும் அப்படித்தான். யாரும் நம்பியிருக்கவில்லை. அப்பாவின் மனதை நோகடிக்க வேண்டாம் என்று ஆமாங்க, சரிங்க என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இந்தத் தொகுதி முழுக்க அந்த நோட்டீஸ் போயிருக்கும். அதை உண்மையாக நம்பியது ஒரே ஒரு ஆள்தான் போலிருக்கிறது. அவர் என் வீட்டில் இருந்தார். திரும்பி வரும் வழியில் அப்பா வீட்டுக்குக் கிட்டே வந்ததும், "எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குது" என்று மட்டும் சொன்னார். தனக்குத் தானே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது. அவர் கூனிப்போய் நடந்ததை நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். உன் அப்புச்சி கூனி நடக்கிறவர் இல்லை.

அம்மாவிடம் அன்று இரவே சொன்னேன். அம்மா என்னை அடித்தார், பிறகு அவரே அழுதார். மறுநாள் தங்கவேல் மாமாவுக்கு விஷயம் போய்விட்டது. அம்மாவை வேலைக்கு வர வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அம்மா போனபோது யாரும் வேலை கொடுக்கவில்லை, மதியம்வரை நின்றுவிட்டு அம்மா தானாகவே வந்துவிட்டார். "திருப்பூர்ல பனியன் கம்பெனிக்கா பஞ்சம்? இந்தக் கேட் இல்லீன்னா அந்தக் கேட்" என்று அப்பாவிடம் சிரித்துச் சொன்னார். கட்சிக்காரர்கள் இதுவரை யாரும் வரவில்லை. பைக் சத்தம் கேட்டால் எனக்கு இன்னமும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

வியாழக்கிழமை நாங்கள் மூன்று பேரும் முதல் பஸ்ஸில் கோயம்புத்தூர் போனோம். அப்பா வருகிறேன் என்று சொல்லவே இல்லை. விடிவதற்கு முன் குளித்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார், அவ்வளவுதான். அங்கே அதே வரிசை, அதே ஒற்றைப் பெஞ்சு. அறுவைக்கு உள்ளே கூட்டிப்போகும்போது என் கையைப் பிடித்தார். அவர் உள்ளங்கை ஈரமாக இருந்தது. "பயமா இருக்குதுங்களாப்பா?" என்று கேட்டேன். "ஆமா கண்ணு" என்றார். பதினெட்டு வருடம் ராணுவத்தில் இருந்தவர் எனக்கு உண்மையைச் சொன்னார். நான் அவருக்குச் சொல்ல ஐந்து வாரம் எடுத்துக்கொண்டேன்.

முடிந்த பிறகு டாக்டரம்மா வெளியே வந்தார்கள். அழுத்தம் குறைந்துவிடும், இருக்கிற பார்வை நிற்கும் என்றார்கள். பிறகு காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "போன மாசமே தேதி குடுத்திருக்கே, ஏன் வரல? போனமுறை அளந்ததுக்கும் இப்பத்துக்கும் ஓரத்துல இன்னும் போயிருக்கு" என்றார்கள். அம்மா என்னைப் பார்க்கவில்லை. அதுதான் அம்மா எனக்குச் செய்த பெரிய தண்டனையும் பெரிய உதவியும். எவ்வளவு போயிருக்கிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஒரு விரல் அகலமா, ஒரு கை அகலமா, நான் தேதியைத் தவறவிட வைத்த அந்த ஐந்து வாரத்தில் எவ்வளவு. டாக்டரம்மா எங்கள் முன்னால் இரண்டு நிமிடம் நின்றார்கள். நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. கேட்பேன் என்று உனக்கு எழுதித் தரவும் தைரியமில்லை.

நேற்றுக் கண்ணில் கட்டோடு படுத்திருந்த அப்பா என்னைக் கூப்பிட்டார். "அந்த நாலு வரிய மனுவா எழுது. கலெக்டரு ஆபீசுல குடுக்கலாம். செயிச்சு வர்றவருக்கும் ஒண்ணு குடுக்கலாம். இந்தத் தடவ கீழ எம்பேரப் போடு, செல்லத்தாயிகிட்டயும் கையெழுத்து வாங்கு" என்றார். சரி என்றேன். இன்னும் எழுதவில்லை. தாளை எடுத்து வைத்தால் நல்ல நல்ல வரியாக வருகிறது. உடனே பேனாவை மூடிவிடுகிறேன். உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி இது ஒன்றுதான்: நீ எழுதுகிறவனாகவோ பேசுகிறவனாகவோ வந்தால், உனக்கு மிக நன்றாக வந்த வரியை எடுத்துக்கொண்டு போய், அதை நம்பப்போகிற ஒருவருக்கு முதலில் படித்துக் காட்டு. படிக்கும்போது உன் குரல் நடுங்கினால் அதை யாருக்கும் கொடுக்காதே. எனக்கு நடுங்கியது. ஆனால் அதற்குள் அச்சாகியிருந்தது.

நீ சின்ன வயதில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருப்பாய் என்று நினைக்கிறேன். அப்புச்சியோடு எங்கே போனாலும் நான் ஏன் அவருக்கு இடதுபக்கமாகவே நடக்கிறேன், கூட்டத்தில் யார் குறுக்கே வந்தாலும் ஏன் சுற்றிக்கொண்டு வந்து அதே பக்கம் சேர்ந்துகொள்கிறேன் என்று. நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது. என்னால் கூட வர முடியாத நாளில் அந்தப் பக்கம் நீ நட. தூண் வருகிறது என்று சத்தமாகச் சொல்லாதே, அவருக்குக் கூச்சமாக இருக்கும். தோளை மட்டும் லேசாகத் தொடு.

உன் அம்மா